பொறியியல், அரசு கலைக் கல்லூரி ரெண்டுக்கும் கடைசி தேதி நெருங்குது, எதை முதல்ல முடிக்கணும்? (தருமபுரி)

பென்னாகரம்_அக்கா கேட்டது:

வணக்கம்ங்க. தம்பிக்காகக் கேக்கறேன். 6-வதுல இருந்து 12 வரைக்கும் பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளி, தமிழ் வழி. கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 80, கம்ப்யூட்டர் சயின்ஸ் 84, தமிழ் 91, ஆங்கிலம் 62. எம்.பி.சி. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில கிடைச்சா ரொம்ப நல்லது. இல்லைன்னா தருமபுரி அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. சேத்துடலாம்னு இருக்கோம்.

கலைக் கல்லூரிக்கு இன்னும் 4 நாள்தான். பொறியியலுக்கு ரெண்டு வாரம் இருக்கு. கையில இருக்கறது 10-வது மார்க் ஷீட், 12-வது தற்காலிக மதிப்பெண் சான்றிதழ், டி.சி., ஆதார். சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ்தான் இருக்கு, அதுலயும் கியூஆர் கோடு மங்கிப் போச்சு. முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ரெண்டும் இன்னும் எழுதிப் போடவே இல்லை. அப்பா பெங்களூருல கட்டட வேலையில இருக்காரு, ஆதார்ல இருக்கற போன் அவர்கிட்டதான்.

சான்றிதழ் எல்லாம் வந்த பிறகு விண்ணப்பம் போடறதா, இல்ல இருக்கறத வெச்சு இப்பவே போட்டுடலாமா? எது இல்லைன்னா நிராகரிப்பாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


அரூர்_இசேவை:

இருக்கறத வெச்சு இன்னைக்கே கலைக் கல்லூரிக்குப் போட்டுடுங்க. சான்றிதழுக்காக விண்ணப்பத்தை நிறுத்தி வெக்காதீங்க. ஆனா சான்றிதழுக்கு மனுவும் இன்னைக்கே போகணும், நாளைக்குன்னு தள்ளாதீங்க. காரணம் சொல்றேன்.

மே, ஜூன் மாசத்துல தாலுகா ஆபீஸ்ல ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்கு சரிபார்ப்பு நடக்கும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) எல்லாம் கணக்கு நோட்டுகளோட அங்கேயே இருப்பாங்க. மனு ஆன்லைன்ல முதல்ல வி.ஏ.ஓ. லாகின், அப்புறம் ஆர்.ஐ., அப்புறம் துணை வட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர்னு படிப்படியாத்தான் நகரும். முதல் படியிலயே நாலு நாள் நின்னா மேல இருக்கறவங்களால ஒண்ணும் செய்ய முடியாது. அதனால மனு போட்ட அன்னைக்கே ஒப்புகைச் சீட்டு நகலோட வி.ஏ.ஓ.வைப் பாத்து, கல்லூரி விண்ணப்பத்துக்கு வேணும், கடைசி தேதி இதுன்னு சொல்லிடுங்க. அவங்க உங்க ஊர் சாவடியில இல்லைன்னா ஜமாபந்தி நடக்கற இடத்துல இருப்பாங்க.

எந்தச் சான்றிதழுக்கு இ-சேவையில எந்தச் சேவை எண்ணுன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, கவுன்ட்டர்ல கேட்கும்போது குழப்பம் வராது. சாதிச் சான்றிதழ் ஆர்.இ.வி. 101, இருப்பிடச் சான்றிதழ் 102, வருமானம் 103, முதல் பட்டதாரி 104. இ-சேவை மையத்துல ஒரு மனுவுக்கு 60 ரூபாய்.

உங்க சாதிச் சான்றிதழ் ஆன்லைன்ல வாங்கினதா இருந்தா புதுசா மனு போடத் தேவையே இல்லை. ஜெராக்ஸ்ல "டிஎன்"னு ஆரம்பிக்கற நீளமான எண் தெரியுதா பாருங்க. அந்த எண்ணை மையத்துல கொடுத்தா அதே சான்றிதழைத் திரும்ப எடுத்துடலாம், கியூஆரும் தெளிவா வரும். அட்டையா கொடுத்த பழைய நிரந்தரச் சான்றிதழ்னா முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் ஸ்கேன் பண்ணணும். பின்பக்கத்தை விட்டுட்டு வந்து நிக்கறவங்க நிறைய.

அப்பா போன் விஷயம்: இ-சேவையில ஒவ்வொருத்தருக்கும் ஒரு குடிமக்கள் எண் உண்டு, "கேன் நம்பர்"னு சொல்லுவாங்க. தம்பிக்கு அது இல்லைன்னா முதல்ல அதைப் பதியணும், அப்போ ஓ.டி.பி. வரும். கொஞ்ச நிமிஷத்துல காலாவதி ஆயிடும். அப்பா சாரத்து மேல நிக்கற நேரத்துல ஓ.டி.பி. கேட்டா எப்படிச் சொல்வாரு? சாப்பாட்டு நேரம் 1 மணிக்கு மையத்துல இருக்கற மாதிரிப் போங்க. அவர்கிட்ட காலையிலயே சொல்லி வெச்சுடுங்க. குடிமக்கள் எண்ணைப் பதியும்போது உங்க கையில இருக்கற போன் நம்பரையே கொடுத்துட்டீங்கன்னா அடுத்தடுத்த மனுவுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

முதல் பட்டதாரி மனுவுக்கு ரேஷன் கார்டு, ஆதார், தம்பி டி.சி., போட்டோ, குடும்பத்துல ஒவ்வொருத்தரும் என்ன படிச்சிருக்காங்கன்னு காட்டற டி.சி. அல்லது மார்க் ஷீட், கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேணும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க யாரும் பட்டதாரியா இருக்கக் கூடாது. அதனால ஒண்ணு கேக்கணும்ங்க அக்கா, நீங்க டிகிரி முடிச்சிருக்கீங்களா? முடிச்சிருந்தா இந்த மனு நிக்காது, 60 ரூபாயும் அலைச்சலும் மிச்சம்.

மனு போட்ட பிறகு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நிலையைப் பாருங்க. விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தா எஸ்.எம்.எஸ். சில சமயம் வராது. "பெண்டிங்"னே நினைச்சுக் காத்திருந்து தேதி போயிடும்.


பென்னாகரம்_அக்கா:

ரொம்ப நன்றிங்கண்ணா. நான் 12 வரைக்கும்தான் படிச்சேன். வீட்டுல வேற யாரும் காலேஜ் போகலை. அப்போ மனு போடலாம் இல்லீங்களா? சாதிச் சான்றிதழ் நம்பர் ஜெராக்ஸ்ல தெளிவா இருக்கு.


கணக்கு_வாத்தியார்_தருமபுரி:

தாராளமாகப் போடலாம் அம்மா. ஆனால் உங்கள் தம்பிக்கு அதைவிட முக்கியமான தாள் ஒன்று இருக்கிறது. அது உங்கள் பட்டியலிலேயே இல்லை.

6 முதல் 12 வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரி சலுகை படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஆகவே தம்பியைப் பொறுத்தவரை 7.5-க்கான சான்று முதலில், முதல் பட்டதாரி அடுத்தது. பொது ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் அது கைகொடுக்கும், அதனால் விட்டுவிடவும் வேண்டாம்.

அந்தச் சான்றை வாங்குவது பள்ளியில்தான். தலைமையாசிரியரிடம், எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, எந்தக் கல்வியாண்டு என்று ஆண்டுவாரியாக எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நடுநிலைப் பள்ளியில் 8 வரை, மேல்நிலைப் பள்ளியில் 12 வரை என்று இரண்டு பள்ளி என்றால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும். விடுமுறையில் நடுநிலைப் பள்ளி பூட்டியிருக்கும். தலைமையாசிரியர் எந்த நாளில் வருவார் என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில் இருக்கும் பள்ளியும் இந்தத் தாளில் இருக்கும் பள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சரிபார்ப்பில் நின்றுவிடும். அரசு உதவி பெறும் பள்ளியில் ஓர் ஆண்டு படித்திருந்தாலும் 7.5 கிடையாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும்.

இப்போது மதிப்பெண். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணிதம் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக 50, 50-க்கு. தம்பிக்கு 88 + 38 + 40 = 166. கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் இதில் சேராது. விண்ணப்பத்தில் 12-ஆம் வகுப்புப் பதிவெண்ணைப் போட்டதும் மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு மதிப்பெண் தானாக வரும். வந்ததைத் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று. பொறியியல் விண்ணப்பத்தில் கல்லூரியையோ பிரிவையோ இப்போது தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அது தரவரிசை வந்த பிறகு, கலந்தாய்வுச் சுற்றில். இப்போது செட்டிக்கரையா பர்கூரா என்று யோசித்து விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீர்கள். கலைக் கல்லூரிக்கு நேர்மாறு, அங்கே விண்ணப்பத்திலேயே கல்லூரியும் பாடமும் சொல்ல வேண்டும்.

பதிவுக் கட்டணம் ஓ.சி., பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்கு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. பிரிவினருக்கு 250. பதிவின் கடைசி தேதியும் சான்றிதழ் பதிவேற்றத்தின் கடைசி தேதியும் ஒன்றல்ல. 2025-இல் பதிவு ஜூன் 6-இல் முடிந்தது, சான்றிதழ் பதிவேற்ற ஜூன் 9 வரை விட்டார்கள். இந்த மாதிரி மூன்று நாள் கிடைத்தால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு உதவும். ஆனால் அதை நம்பிப் பதிவைத் தள்ளக் கூடாது. பதிவு செய்து கட்டணம் கட்டியவர்களுக்குத்தான் அந்த நாட்கள்.

கடைசியாக, முதல் பட்டதாரி என்று குறித்தால் சான்றிதழோடு கூட்டு உறுதிமொழியும் கேட்பார்கள், மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பெங்களூரில் இருக்கிறார் என்றால் அம்மா போடலாம். அந்தப் படிவத்தை முன்பே அச்செடுத்து வையுங்கள்.


காரிமங்கலம்_தங்கச்சி:

கலைக் கல்லூரி பத்தி யாரும் விரிவா சொல்லலை, அதுக்குத்தானே 4 நாள். நான் சொல்றேன்க்கா.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே இணையதளம்தான், கல்லூரிக்குக் கல்லூரி தனி ஃபார்ம் இல்லை. விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக் கட்டணம் 2, ஆக 50 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி.க்கு அந்த 2 ரூபாய் மட்டும். இவ்வளவு கம்மியான செலவுல ஒரு இடத்தைப் பாதுகாப்பா வெச்சுக்கறத யாரும் விடக் கூடாது. பொறியியல் கிடைச்சுடும்னு நினைச்சாலும் போட்டு வெக்கணும்.

தரவரிசை எப்படிப் போடுவாங்கன்னு தெரிஞ்சா பாடம் தேர்ந்தெடுக்கறது சுலபம். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை மட்டும் பாப்பாங்க. பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். மத்த எல்லாப் பாடத்துக்கும் மொழிப் பாடம் ரெண்டையும் விட்டுட்டு மீதி நாலு பாடத்தோட கூட்டுத்தொகை, 400-க்கு. தம்பிக்கு 88 + 76 + 80 + 84 = 328. பி.எஸ்சி. கணிதம், இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் இந்த 328-ஐ வெச்சுத்தான். தமிழ் 91 இருக்கறதால பி.ஏ. தமிழையும் ஒரு விருப்பமா சேத்து வெக்கலாம், அந்தப் பட்டியல்ல அவர் மேல நிப்பாரு.

தப்பு நடக்கற இடம்: ஒரே பாடம் ரெண்டு மூணு வரியா இருக்கும். தமிழ் வழி, ஆங்கில வழி தனித்தனி. காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் தனித்தனி. தமிழ் வழி படிச்ச பிள்ளை அவசரத்துல ஆங்கில வழியை டிக் பண்ணிடும். மாலை ஷிஃப்ட் எடுத்தா பென்னாகரம் போய் அங்கிருந்து உங்க ஊருக்குக் கடைசி பஸ் இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. தருமபுரி மட்டும் போடாம பென்னாகரம் அரசு கலை அறிவியல் கல்லூரியையும் சேருங்க, வீட்டுப் பக்கத்துலயே இருக்கு. பொண்ணுங்களா இருந்தா காரிமங்கலம் மகளிர் கல்லூரியும் இருக்கு.

இன்னொண்ணு, விண்ணப்பம் போட்டதும் வேலை முடியலை. தரவரிசைப் பட்டியல் கல்லூரி வாரியா வரும், கலந்தாய்வுக்கு நேர்ல போகணும். முதல்ல சிறப்பு ஒதுக்கீடு நடக்கும், அதாவது மாற்றுத்திறனாளி, விளையாட்டு, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைங்க மாதிரி. அப்புறம்தான் பொதுக் கலந்தாய்வு, இத்தனையில இருந்து இத்தனை வரைக்கும் இந்தத் தேதின்னு போடுவாங்க. போன் வரும்னு உக்காந்திருக்காதீங்க. கல்லூரி இணையதளத்தையும் நோட்டீஸ் போர்டையும் நீங்கதான் பாக்கணும். உங்க ரேங்க் வந்த நாள்ல நீங்க இல்லைன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்.

வீட்டுல நெட் இல்லைன்னா கல்லூரியிலயே சேர்க்கை உதவி மையம் வெச்சிருப்பாங்க, அங்க போய்ப் பதியலாம். காலையில முதல் ஆளா போங்க.


ஸ்கேன்_மேசை_கிருஷ்ணகிரி:

மேல சொன்னதெல்லாம் சரி. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ந்த பிறகு எங்க கெடுதுன்னு மட்டும் நான் சொல்றேன்.

முதல் விஷயம் போன் நம்பரும் மெயிலும். பிரவுசிங் சென்டர்ல "ஓ.டி.பி. லேட் ஆகும், என் நம்பரையே போட்டுடறேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஜூலையில கலந்தாய்வு நடக்கும்போது ஓ.டி.பி.யும் ஒதுக்கீட்டுச் செய்தியும் அந்த நம்பருக்குத்தான் போகும். அந்த நேரத்துல அவர் கடை மூடியிருந்தா? தம்பி பேர்ல ஒரு மெயில், அம்மாவோ நீங்களோ கையில வெச்சிருக்கற ஒரு நம்பர், இதைத்தான் போடணும். அப்பா நம்பர் வேண்டாம். விண்ணப்ப எண், பாஸ்வேர்டு ரெண்டையும் ஒரு நோட்டுலயும், வீட்டு நாள்காட்டி அட்டைக்குப் பின்னாடியும் எழுதுங்க. பாஸ்வேர்டுல பெரிய எழுத்து எது சின்ன எழுத்து எதுன்னு கீழே கோடு போட்டுக் காட்டுங்க.

ரெண்டாவது ஸ்கேன். சான்றிதழைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல சென்டருக்கு அனுப்பறாங்க. சாதாரணப் படமா அனுப்பினா வாட்ஸ்அப் அதை நசுக்கிடும், எழுத்து ஓரளவு தெரிஞ்சாலும் கியூஆர் கோடு கரைஞ்சு போயிடும். "டாக்குமென்ட்"னு இருக்கறதுல அனுப்பினா அப்படியே போகும். போன்லதான் எடுக்கணும்னா காலை 10 மணி வெளிச்சத்துல, ஜன்னல் ஓரமா தரையில கறுப்புத் துணி விரிச்சு அது மேல தாளை வெச்சு, ஃபிளாஷ் இல்லாம, நேர் மேல இருந்து எடுங்க. லேமினேஷன் போட்ட தாள்ல பல்பு வெளிச்சம் வெள்ளைப் பொட்டா விழும், அது சரியா பதிவெண் மேல விழுந்து தொலைக்கும். எடுத்த பிறகு இன்னொரு போனால அந்தப் படத்துல இருக்கற கியூஆரை ஸ்கேன் பண்ணிப் பாருங்க. திறந்துச்சுன்னா சரி.

ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்துலயும் கோப்பு அளவும் வகையும் எழுதியிருக்கும். போட்டோவுக்கு ஒரு அளவு, கையெழுத்துக்கு ஒரு அளவு, சான்றிதழுக்கு வேற. அளவைக் குறைக்கும்போது தரத்தைக் குறைக்காம முதல்ல ஓரத்தை வெட்டுங்க. பாதிப் படம் வெறும் தரையாத்தான் இருக்கும். கோப்புப் பேர்ல இடைவெளி, புள்ளி எல்லாம் விடாம சின்னதா வெச்சா தளம் அடம்பிடிக்காது. கையெழுத்து தம்பியோடது. அக்கா போட்டு அனுப்பக் கூடாதுங்க, பின்னாடி கல்லூரியில நேர்ல போடும்போது மாறும்.

மூணாவது பணம். அக்கவுன்ட்ல பிடிச்சுட்டாங்க, தளத்துல "கட்டப்படவில்லை"ன்னு காட்டுது. உடனே திரும்பக் கட்டாதீங்க. லாக் அவுட் பண்ணி அரை மணி கழிச்சு உள்ள போய்ப் பாருங்க. பெரும்பாலும் ஏறியிருக்கும். ஏறலைன்னா பரிவர்த்தனை எண்ணைக் குறிச்சு வெச்சுக்கிட்டு மறுநாள் வரைக்கும் காத்திருங்க, பேங்க்ல இருந்து திரும்பிடும். ஆனா கடைசி நாள், கடைசி மணி நேரம்னா இந்தக் கணக்கு மாறும். அப்போ வேற வழியில, யு.பி.ஐ.ல போச்சுன்னா ஏ.டி.எம். கார்டுல, திரும்பக் கட்டிடுங்க. 500 ரூபாய் ஒரு வாரம் மாட்டினா பரவாயில்லை, விண்ணப்பம் மாட்டக் கூடாது.

நாலாவதுதான் பெரிசு. பணம் கட்டினதும் முடிஞ்சுதுன்னு எழுந்து போயிடறாங்க. பதிவு, விவரம், கட்டணம், பதிவேற்றம் எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா ஒரு சமர்ப்பிப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, விண்ணப்பம் முழுசா பி.டி.எஃப். ஆக இறங்கினாத்தான் போய்ச் சேந்ததா அர்த்தம். இறக்கின தாள்ல போட்டோ நேரா இருக்கா, சாதி எம்.பி.சி.ன்னு இருக்கா, 7.5-க்கு "ஆம்"னு இருக்கா, இந்த மூணையும் தம்பியையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க.

கடைசி தேதின்னு மட்டும் பாக்காதீங்க, எத்தனை மணி வரைன்னும் பாருங்க. எல்லாத்துக்கும் ராத்திரி 12 மணி இல்லை. இந்த மாசத்துல நம்ம பக்கம் சாயங்காலம் இடி மழை வந்தா கரண்ட் போயிடும், டவர் போயிடும். காலை 7 மணிக்கு உக்காந்தா தளமும் வேகமா ஓடும்.


ஓசூர்_அம்மா:

இடையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்க பொண்ணு 8, 9 ரெண்டும் பெங்களூருல படிச்சா. 10-ல இருந்து ஓசூர்தான். சொந்த ஊர் தேன்கனிக்கோட்டை பக்கம். பொறியியலுக்கு தனியா எதாவது வேணுமா?


அரூர்_இசேவை:

வேணும்ங்கம்மா. 8-ல இருந்து 12 வரை அஞ்சு வருஷமும் தமிழ்நாட்டுல படிச்சிருந்தா இருப்பிடச் சான்றிதழ் கேக்க மாட்டாங்க. இடையில ஒரு வருஷம் வெளி மாநிலமா இருந்தாலும் இருப்பிடச் சான்றிதழ் கட்டாயம், ஆர்.இ.வி. 102. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் கர்நாடகா, ஆந்திரா பள்ளிக்குப் போய் வர்ற பிள்ளைங்க அதிகம், அதனால சொல்றேன். கையால எழுதிக் கொடுத்த சான்று வேண்டாம், ஆன்லைன்ல டிஜிட்டல் கையொப்பத்தோட வந்ததை ஏத்துங்க. சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டு வருவாய்த்துறை கொடுத்ததா இருக்கணும். பெங்களூரு பள்ளி மாற்றுச் சான்றிதழோட நகலையும் மனுவோட சேருங்க, வி.ஏ.ஓ. கேட்பாங்க.

மலையாளி (கேரளாக்காரங்க இல்லை, நம்ம மலை ஊர்ப் பழங்குடி), இருளர் சமூகப் பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வார்த்தை: எஸ்.டி. சான்றிதழ் தாலுகாவோட முடியாது, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வரைக்கும் போகும். சித்தேரி, அஞ்செட்டி மாதிரி மலை ஊர்ல இருந்து வர்றவங்க 11-வது படிக்கும்போதே வாங்கி வெச்சுடணும். இப்ப இல்லைன்னா பெற்றோர் அல்லது அண்ணன் அக்காவோட எஸ்.டி. சான்றிதழை மனுவோட இணைங்க, விசாரணை சீக்கிரம் நகரும்.


வழிப்போக்கன்:

வருமானச் சான்றிதழ் இல்லாம பொறியியல் விண்ணப்பமே எடுக்காதுன்னு எங்க ஊர் சென்டர்ல சொல்றாங்களே?


கணக்கு_வாத்தியார்_தருமபுரி:

அது சரியல்ல. வருமானச் சான்றிதழ் கல்வி உதவித்தொகைக்கானது. எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. மாணவர்களுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கும், அவர்கள் விண்ணப்பத்தோடு ஏற்றுவது நல்லது. மற்றவர்கள் அது இல்லாமலே பதிவு செய்யலாம். சேர்ந்த பிறகு கல்லூரியில் கேட்கும்போது தேவைப்படும் என்பதால் மனு மட்டும் போட்டு வையுங்கள்.

சந்தேகம் வந்தால் பொறியியல் சேர்க்கைக்கான இலவச எண் 1800-425-0110. நேரில் என்றால் தருமபுரி மாவட்டத்தார் செட்டிக்கரைக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்தார் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிக்கும் போகலாம், இரண்டிலும் சேவை மையம் உண்டு. விண்ணப்பம் பதிவது, ஸ்கேன் செய்து ஏற்றுவது, பின்னால் பிழை திருத்துவது எல்லாம் அங்கே காசில்லாமல் நடக்கும், பதிவுக் கட்டணம் மட்டும்தான் உங்களுடையது. இந்தச் செய்தி பெற்றோரிடம் போய்ச் சேரவே இல்லை என்பதுதான் வருத்தம். வெளியே 300, 400 கொடுத்து, தப்பும் தவறுமாகப் பதிந்துகொண்டு வருகிறார்கள்.


பென்னாகரம்_அக்கா:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் காலையில 7 மணிக்குக் கலைக் கல்லூரி விண்ணப்பம், 1 மணிக்கு இ-சேவை, நாளன்னைக்குப் பள்ளியில 7.5 சான்றுன்னு எழுதி வெச்சுட்டேன். ரெண்டு சந்தேகம் பாக்கி. ஆதார்ல தம்பி பேர் அப்பா பேரோட முழுசா இருக்கு, மார்க் ஷீட்ல இனிஷியல் மட்டும்தான். எதை எழுதறது? இன்னொண்ணு, கலைக் கல்லூரியில முதல்ல கூப்பிட்டுச் சேத்துட்டா டி.சி. அங்க போயிடுமே, பொறியியல் கிடைச்சா என்ன பண்றது? ஒரு தனியார் காலேஜ் ஆளுங்களும் வீட்டுக்கு வந்து "ஒரிஜினல் எல்லாம் கொடுங்க, சீட்டு பிடிச்சு வெக்கறோம்"னு கேக்கறாங்க.


கணக்கு_வாத்தியார்_தருமபுரி:

பெயர் 10-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படியோ அப்படியே, இனிஷியல் இருக்கும் இடம் உட்பட. ஆதாருக்காக அதை மாற்ற வேண்டாம். மதிப்பெண் சான்றிதழில் திருத்தம் என்று இப்போது கிளம்பினால் பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்குப் போய்த் திரும்ப நாளாகும். உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒத்துப்போவது வேறு வேலை, அதைச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தனியார் ஆட்களிடம் ஒரு தாளைக்கூடக் கொடுக்காதீர்கள். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. சேருவதற்கே முன்னால் வீட்டுக்கு வந்து வாங்கிப் போக அவர்களுக்கு என்ன உரிமை? நகல் வேண்டுமானால் கொடுங்கள், அதிலும் குறுக்கே "நகல்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.


காரிமங்கலம்_தங்கச்சி:

டி.சி. பத்தி நான் சொல்றேன்க்கா. கலைக் கல்லூரிக் கலந்தாய்வு வழக்கமா முதல்ல வந்துடும், பொறியியல் சுற்று அதுக்கப்புறம்தான். அதனால கலைக் கல்லூரியில கூப்பிட்டா தயங்காம சேத்துடுங்க, அரசுக் கல்லூரிக் கட்டணம் கம்மிதான். ஆனா டி.சி.யைக் கையில இருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி கலர்ல ஸ்கேன் பண்ணி வெச்சுடணும், 5 நகலும் எடுத்துக்கணும். பொறியியல் சான்றிதழ் சரிபார்ப்பு ஆன்லைன்ல ஸ்கேன் பண்ணினதை வெச்சே நடக்கறதால, அசல் இன்னொரு கல்லூரியில இருந்தாலும் தடை இல்லை.

பொறியியல்ல இடம் உறுதியானதும் அன்னைக்கே ஒதுக்கீட்டு ஆணையோட கலைக் கல்லூரிக்குப் போங்க. முதல்வருக்கு ஒரு கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து, நூலகத்துல பாக்கி இல்லைன்னு ஒரு கையெழுத்து, அப்புறம் ஆபீஸ்ல டி.சி. இந்த நாலு மேசைக்கும் ஒரு முழு நாள் ஆகும், யாராவது லீவுன்னா ரெண்டு நாள். பொறியியல் கல்லூரியில போய்ச் சேர கொஞ்ச நாள்தான் விடுவாங்க, சனி ஞாயிறு நடுவுல வந்தா இன்னும் குறையும். அதனால கடிதத்தை முன்னாடியே எழுதி, தேதி மட்டும் விட்டு, தம்பி பையிலயே வெச்சிருக்கச் சொல்லுங்க.